குழந்தையின் இன்சுலினை இன்சூரன்ஸ் மாற்றச் சொன்னால் என்ன செய்வது?

அமெரிக்காவில் ஜனவரி பிறந்தால் சில வீடுகளுக்குக் காலண்டரோடு இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் ஒன்றும் வரும். "ஹியூமலாக் இனி எங்கள் மருந்துப் பட்டியலில் இல்லை, நோவோலாக் வாங்கிக்கொள்ளுங்கள்." எங்களுக்கும் வந்தது. மகளுக்கு ஆறு வயது, டைப் 1 சர்க்கரை நோய். இரண்டுமே சாப்பாட்டு நேரத்து வேக இன்சுலின்தான், இரண்டிலும் மில்லிக்கு 100 யூனிட். தலைவலி பெரும்பாலும் இன்சுலின் போடும் ஊசிப் பேனாவில்தான்.

படி 1: டாக்டருக்கு அன்றே போன்

புது மருந்துச்சீட்டு வேண்டும். அளவு மாறுமா என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். கூடவே "அரை யூனிட் பேனா" என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. பார்மசியில் நோவோலாக்கின் ஃப்ளெக்ஸ்பென் என்ற பேனாவைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திருகிப் பார்த்தால் ஒன்று, இரண்டு என்று முழு யூனிட்டாக மட்டுமே நகர்கிறது. பழைய ஹியூமலாக் ஜூனியர் குவிக்பென்னில் அரை, ஒன்று, ஒன்றரை வைக்கலாம். ஒரு யூனிட்டுக்கே சுகர் நூறு புள்ளிக்கு மேல் இறங்கும் குழந்தைக்கு அரை யூனிட் சின்ன விஷயமா? நோவோலாக்கை அரை யூனிட்டாகப் போட நோவோபென் எக்கோ மாதிரி பேனாவும், அதற்குள் போடும் பென்ஃபில் என்ற மருந்துக் கார்ட்ரிட்ஜும் வேண்டும். இரண்டையும் டாக்டர் எழுதித் தர வேண்டும். புதுசு வரும்வரை பழைய ஸ்டாக்கைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 2: பள்ளி நர்ஸ்

டாக்டரின் உத்தரவுத் தாளில் பழைய பெயர் இருந்தால் நர்ஸ் புது ஊசியைப் போட மாட்டார். தாள் முதலில், பேனா அப்புறம்.

படி 3: குழந்தை

"அம்மா, இது என் பேனா இல்ல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து அதற்கு ஊசி போடச் சொன்னேன். நாலு தடவை குத்தி, "வலிக்காது கண்ணா" என்று பழத்துக்கு ஆறுதலும் சொன்னாள். அந்தப் பழத்தைக் குப்பையிலும், ஊசியை ஊசிகளுக்கென்று வைத்திருக்கும் கெட்டியான டப்பாவிலும் போட்டுவிடுங்கள்.

படி 4: முதல் சில நாட்கள்

அழுத்திய பிறகு எத்தனை நொடி ஊசியை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்பது பேனாவுக்குப் பேனா மாறும். குவிக்பென்னுக்கு மெதுவாக ஐந்து எண்ணுவோம், ஃப்ளெக்ஸ்பென்னுக்கு ஆறு நொடி. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். திறந்த பேனா 28 நாள்தான், திறந்த தேதியை மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ராத்திரியிலும் சுகரைக் கூடுதலாகப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

படி 5: மேல்முறையீடு

புது மருந்து ஒத்துவரவில்லை என்றால் அந்தக் குறிப்புதான் உங்கள் சாட்சி. "மருத்துவக் காரணத்தால் பழையதே தேவை" என்று டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். அதற்கும் இன்சூரன்ஸ் மறுத்தால், மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து மேல்முறையீட்டுக்கு 180 நாள் உண்டு. அவசரம் என்று டாக்டர் சொன்னால் அவர்கள் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதிலும் மறுத்தால், நாலு மாதத்துக்குள் வெளி ஆய்வு, அதாவது இன்சூரன்ஸைச் சேராத வெளியாள் பார்த்து முடிவு சொல்வதைக் கேட்கலாம். போனில் பேசும் ஒவ்வொரு தடவையும் தேதி, பேசியவர் பெயர், அந்த அழைப்புக்கு அவர்கள் தரும் ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தொலைத்தேன், அடுத்த தடவை முதலிலிருந்து எல்லாக் கதையும் சொல்ல வேண்டியதாயிற்று.