பால்பல் சொத்தை: இரவு பிரஷ்ஷைத் தவறவிடாதீர்கள்

சொத்தையை உண்டாக்கும் முக்கியக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். பெரும்பாலும் அம்மாவின், அல்லது கூடவே இருக்கும் பெரியவர்களின் எச்சில் வழியாகத்தான் இது குழந்தைக்கு வருகிறது. பல் முளைத்த பிறகே நன்றாக ஊன்றிக்கொள்ளும். ருசி பார்த்த ஸ்பூனால் ஊட்டுவது, மென்று கொடுப்பது, கீழே விழுந்த நிப்பிளைத் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்வது ஆகியவற்றைத் தவிருங்கள். முத்தத்துக்குத் தடை போட வேண்டாம். அம்மா அப்பா தங்கள் சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்வது அதைவிடப் பலன் தரும்.

இனிப்பைத் தின்று இந்தக் கிருமி அமிலம் விடுகிறது. அமிலம் கூடக் கூட பிஹெச் என்ற அளவு குறையும்; அது 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் உறையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் முதலில் கரைவது இதனால்தான். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடுகிறது.

முதல் பல் எட்டிப் பார்த்ததுமே பிரஷ் தொடங்கலாம். சின்னத் தலை, மென்மையான நார் உள்ளதாகப் பாருங்கள். பேஸ்ட் 3 வயது வரை ஓர் அரிசி மணி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். அட்டையில், பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா என்று படியுங்கள்; ‘குழந்தைகளுக்கு’ என்று விற்கும் பல பேஸ்ட்களில் ஃபுளோரைடே இருப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில் மட்டும் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தையின் தலையை உங்கள் மடியில் சாய்த்து, மேலிருந்து பாருங்கள். ஒரு விரலால் உதட்டைத் தூக்கி, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக இரண்டு நிமிடம் தேயுங்கள். கடைவாய்ப் பற்களின் மேல்பள்ளத்தில் முன்னும் பின்னுமாக. அவை ஒன்றையொன்று தொட்டு நின்றால் இடையில் பிரஷ் நுழையாது. அங்கே ஃப்ளாஸ் நூல்தான் வேலை செய்யும். துப்பத் தெரிந்த பிள்ளை நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிப் போய்விடும்.

காலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. இரவு தேய்த்த பிறகு தண்ணீர் மட்டுமே. பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் கெட்டுப்போகிறது: தேய்த்துவிட்டு ஒரு டம்ளர் சர்க்கரைப் பால், அல்லது இருமல் சிரப். மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு தேயுங்கள். ஈறில் இரத்தம் வந்தால் நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அழுக்கு தங்கியதால் வருவதுதான். 7, 8 வயது வரை கடைசியாக ஒருமுறை நீங்களே தேய்த்துவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது ஆரம்பச் சொத்தை. பல் மருத்துவர் பல்லில் பூசும் ஃபுளோரைடு வார்னிஷால் பல சமயம் நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்தால் அடைக்கத்தான் வேண்டும். 6 வயதில் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது முளைத்ததும் பல் மருத்துவரிடம் சீலன்ட் (பல்லின் பள்ளங்களை மூடும் பூச்சு) போடக் கேளுங்கள்.