முதல் முதலீட்டுக்கு முன்னும் பின்னும்

முதலீட்டைத் தொடங்க விரும்புகிறவர், எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், தாம் கட்டிவரும் கடன்களின் வட்டி விகிதத்தைப் பார்க்க வேண்டும். கிரெடிட் கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 24 சதவீத வட்டி கட்டுகிறவர் அதை அடைத்தால், எந்தச் சந்தையும் உறுதியளிக்க முடியாத அந்த 24 சதவீதம் அவர் கையிலேயே தங்கிவிடுகிறது. பிறகு, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையை, நினைத்தபோது எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் ஒதுக்க வேண்டும். இந்தக் கையிருப்பு இல்லாதவருக்குச் சந்தை சரிந்திருக்கும் வேளையில் வேலையும் போனால், நட்டத்துக்கு விற்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைத் தொகுத்துக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் ஏறத்தாழ 57 சதவீதம் வீழ்ந்து, பழைய உச்சத்தை 2013இல்தான் மீண்டும் எட்டியது. பாதியாகக் குறைந்த தொகை பழைய நிலைக்குத் திரும்ப 100 சதவீதம் வளர வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நிறுவனங்களின் கணக்குகளைப் படித்துப் பழகாதவருக்கு இண்டெக்ஸ் ஃபண்டே ஏற்றது. பலரின் பணத்தைத் திரட்டும் இந்த ஃபண்ட், ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைப்பதால், ஒரு நிறுவனம் நொடித்துப்போனாலும் முதலீடு முழுவதும் அழிவதில்லை. அமெரிக்காவில் வான்கார்டு என்ற முதலீட்டு நிறுவனத்தை நிறுவிய ஜான் போகிள் 1976இல் பொதுமக்களுக்காக இத்தகைய ஃபண்டைத் தொடங்கியபோது, திரட்ட எண்ணியதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இன்றோ அந்த முறை உலகெங்கும் பரவிவிட்டது. அதன் பெரிய பலம் குறைந்த கட்டணம். ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் ஒரு லட்சம் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 7.61 லட்சமாகும். கட்டணமாக 1 சதவீதம் போய் 6 சதவீதமே மிஞ்சினால் 5.74 லட்சம்தான் கிடைக்கும். சந்தையின் போக்கு நம் கையில் இல்லை, ஆனால் இந்தக் கட்டணத்தைத் தேர்ந்தெடுப்பது நாம்தான். ஆகவே ஃபண்டின் கடந்த ஆண்டு லாபத்தைப் பார்ப்பதற்கு முன், அது ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கட்டணத்தின் சதவீதமான செலவு விகிதத்தைப் பாருங்கள்.

சம்பளம் வந்த மறுநாளே ஒரு நிலையான தொகை தானாக ஃபண்டுக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டால், விலை குறைந்த மாதத்தில் அதிக யூனிட்டுகளும் (ஃபண்டில் நமக்குரிய பங்கின் அலகுகள்) ஏறிய மாதத்தில் குறைந்த யூனிட்டுகளும் தாமாகவே சேரும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திறந்து, பங்குகளுக்கு 60, அரசுக்கோ நிறுவனத்துக்கோ கடன் கொடுத்து வட்டி பெறும் கடன் பத்திரங்களுக்கு 40 என்று பிரித்திருந்த விகிதம் 70க்கு 30 என்று மாறியிருந்தால், அடுத்து வரும் தவணைகளைக் கடன் பத்திரங்களின் பக்கம் திருப்பிவிடலாம்.