இறுகிப்போன முன் பிரேக்: மாஸ்டர் பம்பை வீட்டிலேயே திருத்தலாம்

அத்தான் கத்தாருக்குப் போகும்போது தன் பழைய மோட்டார் சைக்கிளைத் திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனார். இரண்டு மாரி கழிந்து திரும்பி வந்தவர் முன் பிரேக் பிடியை அழுத்தினார். அது கல்லாக நின்றது. "பின் பிரேக் இருக்கிறதுதானே" என்றார். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குத்தான் போகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பி மழை நாளில் கண்டி வீதியில் இறங்குகிறவரை நான் தடுக்கத்தான் செய்வேன்.

எல்லோரும் கடல் உப்பைத்தான் குற்றம் சொல்வார்கள். வெளியே உள்ள போல்ட்டுகளைத் தின்றது உப்புதான். உள்ளே கெடுத்தது பிரேக் எண்ணெய். பெயர்தான் எண்ணெய், டொட் 3, டொட் 4 என்று விற்கப்படுபவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவங்கள். புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். அதே ஈரம், பிடியின் அருகே இருந்து எண்ணெயைக் கீழே தள்ளும் மாஸ்டர் பம்பின் அலுமினியச் சுவரை அரித்து வெள்ளைப் பொடியாக்குகிறது. அந்தப் பொடிதான் பம்புக்குள் ஓடும் பிஸ்டனை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

குற்றவாளி யார்?

பம்பைக் கழற்றுமுன் பிடியின் அச்சு போல்ட்டைக் கழற்றிப் பிடியை மட்டும் வெளியே எடுங்கள். பல வண்டிகளில் இறுகியிருப்பது அந்த அச்சுதான். சுத்தம் செய்து கிரீஸ் பூசினால் வேலை முடிந்தது. பிடி இலகுவாக ஆடுகிறது, ஆனால் உள்ளே தெரியும் பிஸ்டன் அசையவில்லை என்றால் பம்ப்தான்.

சக்கரமே பூட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு சோதனை. பம்பில் குழாய் சேரும் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு பம்பில். விடுபடாவிட்டால் அதை இறுக்கிவிட்டு, கீழே சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்வும் கலிப்பரில், காற்றை வெளியேற்ற உள்ள நிப்பிளைத் திறந்து பாருங்கள். அப்போது விடுபட்டால் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் கலிப்பர். அது வேறொரு நாள் வேலை.

கழற்றுதல்

முதலில் பெற்றோல் தாங்கியின்மேல் ஈரத் துவாயை விரியுங்கள். பிரேக் எண்ணெய் வண்ணப்பூச்சை உரித்துவிடும். ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். சிந்தியவுடன் ஊற்றிக் கழுவினால் தப்பலாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை.

மூடியின் இரண்டு திருகாணிகள்தான் புதியவர்களை அழவைக்கும். திருப்புளியைப் பொருத்தியவுடன் திருப்பாதீர்கள். அதன் தலையில் சுத்தியலால் இரண்டு மூன்று முறை தட்டி, பிறகு முழுப் பலத்தோடு கீழே அழுத்திக்கொண்டு திருப்புங்கள். பழைய எண்ணெயை ஊசி போடாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். எங்கள் வண்டியில் அது பழைய தேத்தண்ணீர் நிறத்தில், அடியில் களிபோல் படிந்திருந்தது. குழாயைக் கழற்றி நுனியைப் பொலித்தீனால் கட்டிவிட்டுப் பம்பை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

பிடி தொடும் வாயிலில் ஒரு ரப்பர் உறை இருக்கும். அதை இழுத்தெடுத்தால் உள்ளே பிஸ்டனை வெளியே வராமல் தடுக்கும் வளையமான சர்க்கிளிப் தெரியும். நீண்ட மூக்குள்ள சர்க்கிளிப் குறடு இல்லாமல் இதில் கைவைக்க வேண்டாம். நான் ஒருமுறை ஆணியால் நெம்பிப் பார்த்தேன். வளையம் ஓடு இடுக்கில் போனது, இன்னும் கிடைக்கவில்லை.

சர்க்கிளிப் வந்தபின் நல்ல பம்பாக இருந்தால் சுருள்வில்லே பிஸ்டனைத் தள்ளிவிடும். இறுகிய பம்பில் அப்படி நடக்காது. துரு இளக்கும் எண்ணெயை இரு பக்கமும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் பம்பைக் கொதிநீரில் பத்து நிமிடம் வையுங்கள், அலுமினியம் விரிந்துகொடுக்கும். பிறகு பிஸ்டன் வாயைக் கீழே பிடித்து மரக்கட்டையில் தட்டுங்கள். தட்டு, ஊறவை, சுடவை என்று மூன்று சுற்று ஆனது எங்களுக்கு.

அதற்கும் வராவிட்டால், குழாய்த் துளையில் கிரீஸ் நிப்பிள் பொருத்திக் கிரீஸ் கன்னால் அமுக்கித் தள்ளலாம். தெரிந்த கராஜில் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள். டயர்க் கடைக் காற்றால் ஊதுவதை மட்டும் கேட்காதீர்கள். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டாகப் பாயும்.

அந்தச் சின்னத் துளை

எண்ணெய்த் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது எல்லோர் கண்ணிலும் படும். மற்றது ஊசிமுனை அளவு. அழுக்கு மூடியிருந்தால் இருப்பதே தெரியாது. ரப்பர் கிட் (பிஸ்டனும் அதன் ரப்பர்களும்) மாற்றியும் பிரேக் விடவில்லை என்று வருகிறவர்களில் பலர் கோட்டைவிடுவது இதைத்தான். பிரேக் சூடேறும்போது விரியும் எண்ணெய் பிடியை விட்டபின் தொட்டிக்குத் திரும்பும் வழி அதுதான். அது அடைத்தால் ஓட ஓடப் பிரேக் தானாகவே இறுகிச் சக்கரத்தைப் பிடிக்கும். மின்வயரின் ஒற்றைச் செப்பிழையை விட்டுத் துளாவுங்கள். துளையைப் பெரிதாக்கும் எதையும் விடாதீர்கள்.

சிலிண்டருக்குள் சுத்தம் செய்ய ஈர்க்கில் மெல்லிய துணி சுற்றிப் புதிய பிரேக் எண்ணெயில் தோய்த்துத் தேயுங்கள். ஈர்க்கு அலுமினியத்தைக் கீறாது. பிறகு டோர்ச் அடித்துப் பாருங்கள். கறை மட்டுமானால் பயமில்லை. குழி விழுந்து ஈர்க்கு நுனி தடக்கினால், பம்பை எறிந்துவிட்டு முழுதாக வாங்குங்கள். இதில் நான் யாரோடும் பேரம் பேச மாட்டேன்.

துரு இளக்கியும் கிரீஸும் ரப்பரை வீங்கவைக்கும். ஆகவே கடைசியில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

பூட்டுதல்

ரப்பர் கிட் வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய பிஸ்டனையும் கொண்டுபோங்கள். பம்பின் உடலில் பொறித்த அளவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ரப்பர்களைப் புதிய எண்ணெயில் நனைத்து, அவற்றின் விரிந்த உதடு சுருள்வில் இருக்கும் பக்கம் பார்க்க, மெல்லச் சுழற்றி உள்ளே தள்ளுங்கள். உதடு மடிந்தால் எல்லாம் வீண். சர்க்கிளிப்பின் கூரிய விளிம்பு வெளியே பார்க்க வேண்டும். காடியில் முழுதாக உட்கார்ந்ததா என்று திருப்பிப் பாருங்கள். குழாய் போல்ட்டின் இரு பக்கமும் புதிய செப்பு வாஷர்.

மூடியில் எழுதியிருக்கும் வகை எண்ணெயை, புதிதாகத் திறந்த போத்தலிலிருந்து ஊற்றுங்கள். மூடியை மேலே சும்மா வைத்துக்கொண்டு பிடியை மெல்ல, அரை விரற்கடை அழுத்தி விடுங்கள். மூடியைச் சற்று விலக்கிப் பார்த்தால் சின்னத் துளையிலிருந்து குமிழிகள் வரும். அது திறந்திருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குமிழி நின்றபின் கீழே நிப்பிளில் தெளிந்த குழாய் பொருத்தி மறுமுனையை எண்ணெய் உள்ள போத்தலில் விடுங்கள். பிடியை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, பிறகு பிடியை விடு. இந்த ஒழுங்கு மாறினால் காற்று திரும்பி ஏறும். தொட்டி வற்றவும் விடாதீர்கள்.

பிடியைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. வண்டியை எடுக்க வேண்டாம். இறங்காவிட்டால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் பிடித்து, விட்டு, மறுபடி தாராளமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒழுங்கைக்குள் நடை வேகத்தில் பத்துத் தடவை.

அத்தான் அன்று மாலையே கோணேசர் கோயிலுக்கு வண்டியை எடுத்தார். திரும்பும் இறக்கத்தில், பிரட்றிக் கோட்டைக்குள், வழக்கம்போல ஒரு புள்ளிமான் வீதியின் நடுவில் நின்றது. வண்டி நின்றது. மான் அசையவில்லை.