இரண்டு கம்பியில் ஓர் இன்சுலின் ஏற்பி

அம்மா மலேசியாவில், சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் ரொம்ப காலம் பால்மரம் வெட்டியவர். இப்போது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. ஊசி போட்டுக்கொண்டே ஒருநாள் கேட்டார்: "இந்த மருந்து உள்ள போயி சீனியைத் தின்னுடுமா, பாப்பா?"

இல்லை, இன்சுலின் சீனியைத் தொடுவதே இல்லை. செல்லின் மேல்பரப்பில் நின்று செய்தி வாங்கும் புரதமான ஏற்பியைத்தான் பிடிக்கிறது. பிடித்ததும் ஏற்பியின் உருவம் மாறுகிறது. பாடத்தில் ஏற்பியைப் பூட்டாகவும் இன்சுலினைச் சாவியாகவும் காட்டும் படத்தில் பூட்டு அசையாமல் நிற்கும். அசைவதுதான் விஷயமே. அதனால் அம்மாவுக்காக இந்த மாதிரியைச் செய்தேன். இப்போது என்னிடம் டியூஷன் படிக்கும் படிவம் 5 பிள்ளைகளும் செய்கிறார்கள்.

துணி மாட்டும் கம்பியே சரி. 30 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் 'ட' போல மடியுங்கள்: கை 10, கால் 20. இரண்டு மூலைகளையும் ரப்பர் வளையத்தால் கட்டுங்கள், ஒன்றின் கை இடப்பக்கம், மற்றதன் கை வலப்பக்கம் இருக்கும்படி. அந்த ரப்பர்தான் இரு பாதிகளையும் கட்டிவைக்கும் கந்தகப் பிணைப்பு. இன்சுலின் வருவதற்கு முன்பே இந்த ஏற்பியின் இரு பாதிகளும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

ஓர் அட்டையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, கால்களை அதில் நுழையுங்கள். அட்டைதான் செல்சவ்வு. கால் நுனிகளில் துணிக் கிளிப் மாட்டுங்கள், அவை நொதிகள்.

சும்மா விட்டால் கால்கள் அகன்று, கவிழ்த்த ஆங்கில 'வி' போல நிற்கும். ஒன்றின் கை மற்றதன் காலோடு ஒட்டிக் கிடக்கும். 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஏற்பியைப் படிகமாக்கிக் கண்டதும் இந்தக் கவிழ்ந்த உருவத்தைத்தான்.

இப்போது கைக்கும் காலுக்கும் இடையில், அக்குள் மாதிரி இருக்கும் இடத்தில், களிமண் உருண்டை ஒன்றை அழுத்துங்கள். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் அது. கை மேலே எழும், கால் நடுவுக்கு வரும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் உருவம் கோணலாக நிற்கும். மறுபக்கமும் வைத்தால் நேரான ஆங்கில 'டி' எழுத்து. இந்தக் கோணல் நிலை உண்மையிலும் உண்டு, அதைத் தாண்டி ஓடாமல் பிள்ளைகளை நின்று பார்க்கச் சொல்லுங்கள். நிஜ ஏற்பி கம்பியைப் போல விறைப்பாக இருக்காது, நடுவிலும் மடங்கும். அதையும் சொல்லிவிடுங்கள்.

அட்டைக்குக் கீழே பாருங்கள். கிளிப்புகள் நெருங்கிவிட்டன. நொதிகள் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்றும் நேரம் இதுதான். ஒவ்வொரு கிளிப்பிலும் சிவப்புப் புள்ளி ஒட்டுங்கள், அதுதான் பாஸ்பேட். அங்கிருந்து செய்தி கைமாறிக் கைமாறிப் போய், தசையிலும் கொழுப்பிலும் குளுக்கோஸ் வாசல்கள் செல்லின் மேல்பரப்புக்கு வரும். சீனி நுழைவது அந்த வாசல் வழியாக. அம்மாவுக்கு இருக்கும் இரண்டாம் வகை இனிப்பு நீரில் ஏற்பி பெரும்பாலும் இன்சுலினைப் பிடிக்கத்தான் செய்கிறது. செய்தி உள்ளே போகும் வழியில்தான் தடங்கல்.

உருண்டையை எடுத்தால் கால்கள் மறுபடி விரியும். புள்ளி தானாக விழாது. செல்லுக்குள் அதைப் பிய்க்க வேறு நொதிகள் இருக்கின்றன. அதனால் அடுத்த பிள்ளையிடம் கொடுக்குமுன் நீங்களே பிய்த்துவிடுங்கள்.