மழை விட்ட தேயிலைத் தோட்டம்: போலரைசரும் ரா ஃபைலும்

வால்பாறையில் மழை விட்டதும் தேயிலைச் சரிவுகள் கண்ணுக்கு அடர்பச்சையாகத் தெரியும். படத்தில் பார்த்தால் வெளிறிப்போயிருக்கும். ஈர இலைகளின் மேல் வானம் பளபளப்பதே காரணம். அந்தப் பளபளப்பு மறைத்த பச்சையை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் மீட்பது பெரும்பாடு. எடுக்கும்போதே போலரைசரால், அதாவது லென்ஸின் முன் மாட்டிப் பளபளப்பை வெட்டும் ஃபில்டரால், குறைத்துவிட வேண்டும்.

வாங்கும்போது 'சர்க்குலர் போலரைசர்' என்று கேளுங்கள். லென்ஸ் மூடியின் உட்புறம் 58, 67 என்பது போல மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். ஃபில்டர் அளவு அதுதான்.

அடுத்து, கேமரா மெனுவில் படத்தரத்தை ரா என்று மாற்றுங்கள். சென்சார் பதிந்த தகவலைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ஃபைல் அது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. மேகமும் நிழலும் ஒரே படத்தில் வரும் மலைக்காட்சிக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இனி ஃபில்டரை மாட்டி, இலைகளைப் பார்த்தபடியே வெளிவளையத்தை மெதுவாகச் சுற்றுங்கள். கால் சுற்றுக்குள் பளபளப்பு அடங்கி, பச்சை எழுந்து வரும். முழுக்க அடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் திருப்பிவிடுவேன். துளி மினுக்கம்கூட இல்லையென்றால் ஈர இலை ஈரமாகவே தெரியாது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் வளையத்தையும் மறுபடி சுற்ற வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

நீலவானம் கருக்க வேண்டுமென்றால் சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் வானத்தில் பலன் சொற்பம். இலைகளுக்கோ மேகமூட்டத்திலும் ஃபில்டர் வேலை செய்யும். ஃபோக்கல் லெங்த் 24 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலக்கோண லென்ஸில் வானம் திட்டுத்திட்டாகக் கருக்கும், கவனம். வானவில் வந்தால் வளையத்தைக் கவனமாகத் திருப்புங்கள், தவறினால் அது படத்திலிருந்து மறைந்தே போகும்.

போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தை விழுங்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். 1/125 நொடி இருந்த ஷட்டர் 1/40 பக்கம் இறங்கலாம். ட்ரைபாட் வையுங்கள், காற்றில் இலை ஆடினால், ஷட்டர் வேகம் கூட, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அமைப்பு) ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலும் தெரியும் வரைபடம், வலது ஓரத்தில் முட்டாதபடி எக்ஸ்போஷரைக் குறையுங்கள். நிழலை ராவில் தூக்கிக்கொள்ளலாம், வெறும் வெள்ளையாய் வெந்துபோன மேகம் திரும்பாது.

வீட்டில் டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளில் முதலில் வொயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்கான நிறச்சமநிலையை, சரிசெய்யுங்கள். பிறகு மேகத்தின் வெளிச்சத்தை இறக்கி, நிழலின் வெளிச்சத்தை ஏற்றுங்கள். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொட வேண்டாம். பச்சை ஏற்கெனவே போதுமான அளவு வந்திருக்கும்.