லோடிங்குக்குச் சம்மதக் கடிதம் கொடுக்கும் முன்: மும்பை இறக்குமதியாளருக்கு ஒரு சுங்க வழிகாட்டி

தாராவியில் பெல்ட்டும் பையும் தைக்கிற பட்டறைக்குச் சீனாவிலிருந்து பக்கிள் வருகிறது. கன்டெய்னர் நவ சேவா துறைமுகத்தில் இறங்கி, சுங்கம் முடியும்வரை சரக்கு வைக்கும் கிடங்கான சி.எஃப்.எஸ்.ஸில் நிற்கிறது. "அறிவித்த மதிப்பு குறைவாகத் தெரிகிறது, உயர்த்தச் சம்மதமா?" என்று சுங்க அதிகாரியிடமிருந்து குவரி விழுகிறது. மதிப்பை இப்படி ஏற்றுவதைத்தான் லோடிங் என்கிறார்கள். ஏஜென்ட் போன் போட்டு, "அண்ணாச்சி, சரின்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க, சரக்கு நாளைக்கே வெளிய வந்துரும்" என்கிறார். பெரும்பாலான சுங்க வழக்குகள் தோற்பது தீர்ப்பாயத்தில் அல்ல, இந்த லெட்டரில்தான்.

முதலில் கணக்கு

எவ்வளவு தொகைக்காகச் சண்டை போடுகிறோம் என்று தெரியாமல் சண்டையில் இறங்கக் கூடாது. சரக்கின் எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும்வரையான விலை) ரூ.8,00,000, கப்பல் கூலி ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் எடுத்ததற்குச் சான்று இல்லையென்றால் எஃப்.ஓ.பி.யில் 1.125 சதவீதம், அதாவது ரூ.9,000 சேர்ப்பார்கள். வரிக்குரிய மதிப்பு ரூ.8,49,000.

அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்றால் ரூ.84,900. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல சர்சார்ஜ், ரூ.8,490. மதிப்பையும் இந்த இரண்டையும் கூட்டினால் ரூ.9,42,390. இதன் மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.), ரூ.1,69,630. ஆக மொத்த வரி ரூ.2,63,020. (உங்கள் பொருளுக்கான விகிதம் வேறாக இருக்கலாம். சில பொருளுக்கு ஆன்டி டம்பிங் வரியும் (மலிவு விலைக் குவிப்பைத் தடுக்கும் வரி) உண்டு. நடப்பு விகிதத்தைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதில் பலர் கோட்டைவிடுவது கப்பல் கூலியில். கூலிக்கான ஆதாரம் காட்ட முடியாவிட்டால் எஃப்.ஓ.பி.யில் 20 சதவீதத்தைக் கூலியாக எடுத்துக்கொள்வார்கள். 40,000 இருக்க வேண்டிய இடத்தில் 1,60,000 வந்துவிடும். சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரிடமிருந்து ஒரு ஃப்ரெய்ட் சர்டிஃபிகேட் வாங்கி வைத்திருந்தால் தீர்கிற விஷயம் இது.

இப்போது அதிகாரி மதிப்பை 30 சதவீதம் ஏற்றுகிறார் என்றால் கூடுதல் வரி ரூ.78,906. கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும். ஆனால் அதில் ரூ.50,889 ஐ.ஜி.எஸ்.டி. உங்கள் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியிருந்தால் அது உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடும். கையை விட்டுப் போவது ரூ.28,017தான். இந்தத் தொகையை டெமரேஜோடு (சரக்கு தேங்கி நிற்பதற்கான வாடகை) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அதே நேரம், இன்று நீங்கள் ஒப்புக்கொண்ட விலை அடுத்த கன்டெய்னருக்கு உங்களுக்கு எதிராகவே காட்டப்படும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்வாய்ஸில் என்ன இருக்க வேண்டும்

2020 அக்டோபர் 31 முதல் நாடு முழுக்க முகமற்ற மதிப்பீடு நடக்கிறது. சரக்கு நவ சேவாவில் கிடக்கும், உங்கள் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியைப் பார்க்கிற அதிகாரி வேறு ஊரில் இருப்பார். அவர் கண்ணில் படுவது, ஆவணங்களை ஏற்றும் சுங்கத் தளமான இ-சஞ்சித்தில் நீங்கள் ஏற்றிய காகிதம் மட்டுமே. "பேக் ஆக்சஸரீஸ், 20,000 பீஸ்" என்று ஒரே வரியில் இன்வாய்ஸ் வந்தால், அவர் எடையால் வகுத்து, கிலோ விலையை மற்ற இறக்குமதிகளோடு ஒப்பிடுவார். இரும்புப் பக்கிளுக்கும் ஜிங்க் அலாய் பக்கிளுக்கும் கிலோ விலை ஒன்றாக இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும், அந்தத் திரைக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு வகைக்கும் தனி வரி வேண்டும்: எந்த உலோகம், என்ன முலாம், எத்தனை மில்லிமீட்டர், ஒரு பீஸ் எத்தனை கிராம், என்ன விலை. கூடவே போட்டோவும் கேட்டலாக் பக்கமும்.

சப்ளையர் சொன்ன எச்.எஸ். எண்ணை (சரக்கு வகைக்கான சுங்கக் குறியீடு) அப்படியே போடாதீர்கள். முதல் 6 இலக்கம்தான் உலகத்துக்குப் பொது, கடைசி 2 நம் நாட்டுக்கே உரியவை. உலோகப் பக்கிள் 8308இல் வரும், பிளாஸ்டிக் பக்கிள் 3926க்குப் போகும். இரண்டும் கலந்த பொருளென்றால் அதற்கு முக்கிய இயல்பைத் தருவது எது என்று பார்ப்பார்கள். இரண்டு வகையும் ஒரே பெட்டியில் வந்து ஒரே எண்ணில் அறிவித்தால் தவறான அறிவிப்பு என்றாகி, பறிமுதல், பறிமுதலான சரக்கை மீட்கக் கட்டும் அபராதம், தண்டம் என்று நீளும்.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருகிற நாளுக்கு முந்தைய நாளே போட்டுவிட வேண்டும். தாமதமானால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு ரூ.5,000, அதற்குமேல் நாளொன்றுக்கு ரூ.10,000.

குவரி வந்தால்

மதிப்பின் மேல் சந்தேகம் வந்தால் அதிகாரி செல்ல வேண்டிய வழி 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் விதி 12. அதில் இறக்குமதியாளருக்கு ஓர் உரிமை இருக்கிறது, கேட்டால் மட்டுமே கிடைக்கும்: சந்தேகத்துக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், விசாரணைக்கும் வாய்ப்புத் தர வேண்டும். பதிலில் இப்படி எழுதுங்கள்: "விதி 12இன்படி சந்தேகத்துக்கான காரணங்களை எழுத்தில் தரவும். ஒப்பிட்ட இறக்குமதிகளின் தேதி, அளவு, தரம், நாடு ஆகிய விவரங்களையும் தரவும்."

கூடவே ஆதாரங்களை இணைக்க வேண்டும்: புரொஃபார்மா, பேரம் பேசிய மின்னஞ்சல், வங்கி மூலம் பணம் போன ஸ்விஃப்ட் நகல், முன்பு இதே சரக்குக்கு ஏற்கப்பட்ட பில் ஆஃப் என்ட்ரி. மற்றவர்கள் அதிக விலைக்கு இறக்கினார்கள் என்றால், அவர்கள் வாங்கிய அளவையும் தரத்தையும் காட்டித்தான் ஒப்பிட முடியும். 500 கிலோ வாங்குகிறவருக்கும் 5 டன் வாங்குகிறவருக்கும் ஒரே விலை கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. சப்ளையர் சீனாவில் ஏற்றுமதி அறிவிப்பில் வேறு விலை போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அந்த ஆவணத்தைச் சுங்கத் துறையால் வரவழைக்க முடியும். வேண்டுமென்றே மறைத்தது என்று நிறுவினால் 5 ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். இல்லையென்றால் 2 ஆண்டுதான்.

கட்டிவிட்டு எடுப்பது, ஆனால் ஒப்புக்கொள்ளாமல்

சரக்கு அவசரமாக வேண்டும் என்றால் உயர்த்திய வரியை 'அண்டர் ப்ரொடெஸ்ட்' (ஆட்சேபத்தோடு கட்டுகிறோம்) என்று கடிதம் ஏற்றிவிட்டுக் கட்டலாம். கடிதத்தில் "ஏற்கிறோம்" என்ற சொல்லே வரக் கூடாது. மறு மதிப்பீட்டை ஏற்கவில்லை, சுங்கச் சட்டம் பிரிவு 17(5)இன் கீழ் ஸ்பீக்கிங் ஆர்டர் வேண்டும் என்று எழுதுங்கள். எழுத்தில் சம்மதம் தராதவருக்கு 15 நாளுக்குள் காரணம் சொல்லும் ஆணை தர வேண்டும் என்பது சட்டம். சம்மதம் தந்துவிட்டால் அந்தக் கடமை போய்விடும். பிறகு அப்பீலில் "நீங்களே ஒப்புக்கொண்டீர்களே" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ப்ரொடெஸ்ட் கடிதத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த பெரிய தவறு. அந்தக் கடிதம் ரீஃபண்டுக்கான ஓராண்டுக் கெடுவிலிருந்து மட்டுமே காப்பாற்றும். மதிப்பீட்டு ஆணை மாற்றப்படாதவரை ரீஃபண்ட் கேட்க முடியாது என்று ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. சுய மதிப்பீட்டுக்கும் இது பொருந்தும். ஆகவே ஸ்பீக்கிங் ஆர்டர் வராவிட்டாலும் மதிப்பிடப்பட்ட பில் ஆஃப் என்ட்ரியையே எதிர்த்துக் கெடுவுக்குள் அப்பீல் போட வேண்டும்.

ஏதாவது ஆவணமோ பரிசோதனையோ பாக்கி இருந்தால் பிரிவு 18இன்படி தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். பத்திரமும் ஈடும் கொடுத்துச் சரக்கை எடுத்துவிடலாம். நாள் இழுக்கும் என்று தெரிந்தால் பிரிவு 49இன் கீழ் 30 நாள் வரை பொதுக் கிடங்குக்கு மாற்றவும் அனுமதி கேட்கலாம். சுங்கமே நிறுத்திவைத்த சரக்குக்கு வாடகை வசூலிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு விதிமுறை சி.எஃப்.எஸ்.ஸுக்குச் சொல்கிறது. அதற்கான டிடென்ஷன் சர்டிஃபிகேட்டை அதிகாரியிடம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். நடைமுறையில் சி.எஃப்.எஸ்.ஸும் ஷிப்பிங் லைனும் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. முழுத் தள்ளுபடியை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம்.

அப்பீல்

முதல் படி கமிஷனர் அப்பீல்ஸ். நவ சேவா சரக்குக்கு ஜவாஹர்லால் நேரு கஸ்டம் ஹவுஸிலேயே இருக்கிறார். படிவம் சி.ஏ.-1, ஆணை கைக்கு வந்ததிலிருந்து 60 நாள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். 91ஆவது நாள் போனால் எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் அவரால் ஏற்க முடியாது, சட்டத்தில் இடமில்லை. அப்பீலுக்கு முன் கட்டி வைக்க வேண்டிய முன்வைப்பு, தகராறில் உள்ள வரியில் 7.5 சதவீதம். மேலே சொன்ன ரூ.78,906க்கு இது ரூ.5,918. வரியை ஏற்கெனவே முழுதாகக் கட்டியிருந்தால் தனியாக வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான செஸ்டாட்டின் மும்பை அமர்வு: 3 மாதக் கெடு, முன்வைப்பு 10 சதவீதம், படிவம் சி.ஏ.-3. வரி விகிதமும் மதிப்பும் பற்றிய வழக்கு அதற்குமேல் உயர் நீதிமன்றத்துக்குப் போகாது, நேராக உச்ச நீதிமன்றம்தான்.

வாதத்தைத் தயாரிக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சரக்கு எந்த எண்ணில் வரும் என்பதை மாற்றி நிறுவ வேண்டிய பொறுப்பு துறையுடையது. வரிவிலக்கு கேட்டால் அது உங்களுக்குப் பொருந்தும் என்று நிறுவுவது உங்கள் பொறுப்பு, சந்தேகம் வந்தால் அது அரசுக்கே சாதகம். திலீப் குமார் வழக்கில் 2018இல் ஐந்து நீதிபதிகள் சொன்னது இது. மும்பை இறக்குமதி ஆணையரகம் தொடர்ந்த வழக்குதான்.

ஜெயித்தபின் ரீஃபண்டில் தடுக்கி விழுகிறவர்கள் பலர். வரிச்சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றவில்லை என்று காட்டாவிட்டால் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போகும். கட்டிய அன்றே கணக்குப் புத்தகத்தில் அதைச் செலவாக எழுதாமல் 'வர வேண்டிய தொகை' என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதாமல் ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டால், சுமையை ஏற்றவில்லை என்ற சான்றிதழை ஆடிட்டரால் தர முடியாது. மனு போட்டு 3 மாதம் தாண்டினால் 6 சதவீத வட்டி உண்டு.

இதே பக்கிளைத் தொடர்ந்து இறக்கப் போகிறீர்கள் என்றால், எந்த எண் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடலாம். பல்லார்ட் எஸ்டேட் நியூ கஸ்டம் ஹவுஸில் முன்தீர்ப்பு ஆணையம் இருக்கிறது. கட்டணம் ரூ.10,000, தீர்ப்பு 3 மாதத்துக்குள், சட்டம் மாறாதவரை சில ஆண்டுகளுக்குச் செல்லும். அதே கேள்வி உங்கள் விஷயத்தில் அதிகாரியிடமோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்தால் மனுவை எடுக்க மாட்டார்கள். எனவே சாம்பிள் கைக்கு வந்ததும், ஆர்டருக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்பே போட்டுவிடுங்கள்.