பாங்காக்கிலிருந்து மிதக்கும் சந்தைக்கு ஒருநாள் தனிப்பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்து போய்வந்தவர்களிடம், கால்வாயில் படகுகளிலேயே கடை நடக்கும் மிதக்கும் சந்தை எப்படி இருந்தது என்று கேட்டால், படகுக்கு ஏகப்பட்ட காசு, ஒரே கூட்டம், மூக்கைத் துளைக்கும் மோட்டார் புகை என்று பலர் சலித்துக்கொள்வார்கள். அதே கால்வாயில் காலை ஏழரைக்குத் துடுப்புப் படகில் போனவர்களோ வேறு ஏதோ ஊரைப் பற்றிப் பேசுவது போல் பேசுவார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தப் படகுத்துறை என்ற மூன்றும்தான் இந்தப் பயணத்தின் தலையெழுத்து. தனி வேனுக்கும் தனி கைடுக்கும் கூடுதலாகக் காசு கொடுப்பது இவை மூன்றும் நம் கையில் இருப்பதற்காகத்தான். பலரும் "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லி முதலில் அதைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள்.

கிழமை பார்க்காமல் பதிவு செய்வது

பாங்காக்குக்குத் தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில், ராட்சபுரி மாநிலத்தில் இருக்கிறது தாம்னேன் சடுவாக். படங்களில் நாம் பார்க்கும் பிரபலமான சந்தை இதுதான், தினமும் நடக்கிறது. பக்கத்து மாநிலமான சமுத் சொங்க்ராமில் உள்ள அம்பாவா சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான், அதுவும் மதியத்துக்கு மேல். செவ்வாய்க்கிழமை அம்பாவாவையும் சேர்த்துக் காட்டுகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், பூட்டிய மரக்கடைகளையும் காலியான கால்வாயையும்தான் காட்ட முடியும். பாங்காக் நகருக்குள்ளேயே இருக்கும் தாலிங் சான், க்லோங் லாட் மாயோம் சந்தைகளுக்கும் வாரக் கடைசிதான் நாள். கைக்குழந்தையோ முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ கூட வந்தால், நூறு கிலோமீட்டர் ஓடாமல் இந்த இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உள்ளூர்க் குடும்பங்களே சாப்பிட வரும் இடங்கள் இவை.

கூட்டமே வேண்டாம், பழைய சந்தை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அம்பாவாவுக்கு அருகில் தா கா இருக்கிறது. சனி, ஞாயிறு காலைகளில் நடக்கும். இவற்றைத் தவிர, பழைய வழக்கப்படி வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் 2, 7, 12ஆம் நாட்களிலும் கூடும். நம் கணக்கில் துவிதியை, சப்தமி, துவாதசி. நம் காலண்டரைப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள், தாய் கணக்கோடு ஒரு நாள் முன்பின் ஆகலாம். கைடிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எட்டரைக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்புவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். பாங்காக்கிலிருந்து போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ராமா 2 சாலையில் மேம்பால வேலைகள் வருஷக்கணக்காக நடந்துவருவதால் காலை நெரிசலில் இன்னும் கூடும். எட்டரைக்குக் கிளம்புகிறவர் பத்தரைக்குப் போய்ச் சேருவார். பெரிய பேருந்துகளும் அந்த நேரத்தில்தான் மொத்தமாக வந்து கூட்டத்தை இறக்கும். கால்வாய் அகலம் குறைவு. படகோடு படகு முட்டி அரை மணி நேரம் நகராமல் நிற்கும். பதினொரு மணிக்கு மேல் பழம் விற்கும் பாட்டிகள் துடுப்பைத் திருப்பி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுவது யானை பொம்மை, பை, தொப்பி விற்கும் கரையோரக் கடைகள்.

ஆகவே காலை ஆறு மணிக்கு வேன் நகர வேண்டும். ஹோட்டலின் காலை உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின இரவே சொன்னால் பெரும்பாலான ஹோட்டல்களில் கட்டிக் கொடுப்பார்கள்.

நேரத்தை ரயிலோடு பொருத்துவதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். தாம்னேன் சடுவாக்கிலிருந்து 20 கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது மேக்லாங் ரயில் சந்தை. தண்டவாளத்தின் மேலேயே கடை பரப்பியிருப்பார்கள். ரயில் வரும்போது நிழல் துணிகளை இழுத்துக்கொள்வார்கள். குடை மடக்கும் சந்தை என்பதுதான் உள்ளூர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர். ரயில் ஒரு நாளைக்கு நான்கு முறைதான் வருகிறது: ஏறத்தாழ காலை 8.30, 11.10, மதியம் 2.30, மாலை 5.40. திரும்பிக் கிளம்புவது காலை 6.20, 9.00, 11.30, மதியம் 3.30. இந்த நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் முந்தின நாள் கைடு விசாரித்துச் சொல்ல வேண்டும். பத்து மணிக்குப் போய் நின்றால் காய்கறிச் சந்தையைத்தான் பார்க்கலாம், ரயிலைப் பார்க்க ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டும்.

பல ஏஜென்சிகள் 8.30 ரயிலை முதலில் காட்டிவிட்டுப் பிறகு படகுக்கு அழைத்துப் போவார்கள். ஏற்பாடு செய்ய அது எளிது. ஆனால் படகில் ஏறும்போது மணி பத்து ஆகிவிடும். இதைத் திருப்பிப் போடுங்கள்: ஏழரை, ஏழே முக்காலுக்குத் தாம்னேன் சடுவாக், ஒன்பதேகாலுக்குப் படகிலிருந்து இறங்கிக் கரையில் சிற்றுண்டி, பத்தரைக்குள் மேக்லாங், 11.10க்கு ரயில் உள்ளே வருவதையும் 11.30க்கு வெளியே போவதையும் இரண்டு இடங்களில் நின்று பார்த்துவிடலாம்.

ரயில் வரும்போது எங்கே நிற்பது என்பதும் முக்கியம். ரயிலுக்கும் கடைக்கும் இடையே ஒரு கையளவு இடைவெளிதான். கடைக்காரர்கள் தட்டுகளைத் தள்ளும் வேகத்தைக் கவனித்துப் பாருங்கள்: சக்கரம் வைத்த மீன் பலகைகளைப் பின்னே உருட்டிவிடுவார்கள், தரையோடு கிடக்கும் கத்தரிக்காயையும் மிளகாயையும் தொடவே மாட்டார்கள், ரயில் அவற்றின் மேலேயே போகும். அந்த உயரம் அவர்களுக்குப் பழக்கம், நமக்குக் கிடையாது. கடைக்காரர் சொல்லும் இடத்தில், முதுகைக் கடையோடு ஒட்டிக்கொண்டு, தோள்பையை முன்பக்கம் மாட்டி நில்லுங்கள். செல்பி குச்சியை நீட்டாதீர்கள். குழந்தைகளின் தள்ளுவண்டியை வேனிலேயே விட்டுவிடுங்கள்.

வேன் நிற்கும் துறையிலேயே படகு ஏறுவது

தாம்னேன் சடுவாக் கால்வாய் சந்தைக்காக வெட்டப்பட்டதல்ல. நான்காம் ராமா மன்னர் காலத்தில், 1866இல் தொடங்கி 1868இல் முடிந்தது. தா சின் நதியையும் மேக்லாங் நதியையும் இணைக்கும் 32 கிலோமீட்டர் நீர்வழி. அதிலிருந்து கிளைபிரியும் வாய்க்கால்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. அதனால் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் ஒரு படகுத்துறை போட்டுக்கொள்ள முடிகிறது. நெடுஞ்சாலையில் சந்தைக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே வேனைத் திருப்பி, "இதுதான் நுழைவு, இங்கிருந்துதான் படகு" என்பார்கள். ஆளுக்கு 1,500, 2,000 பாட் என்று கேட்பதுண்டு. அதில் ஒரு பங்கு அழைத்து வந்தவருக்குப் போகிறது.

உண்மையில் சந்தைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நடுச் சந்தை வரை வேன் போகும். கால்வாயின் இரு கரையிலும் நடந்தே சுற்றலாம், பாலத்தின் மேலிருந்து படம் எடுக்கலாம், அங்கேயே துடுப்புப் படகும் கிடைக்கும். எனவே பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்: படகுக் கட்டணம் சேர்ந்ததா? துடுப்பா, மோட்டாரா? எத்தனை நிமிடம்? எந்தத் துறை? விலை ஆளுக்கா, படகுக்கா? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன. 800 என்று விரலைக் காட்டுவார்கள். நான்கு பேர் ஏறி இறங்கியதும் அது 3,200 ஆகிவிடும்.

தூரத்துத் துறைகள் எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது. நியாயமான விலைக்கு அமைந்தால், நீண்ட வால் மோட்டார் படகில் தோட்டங்களுக்கு நடுவே வருவது இந்தப் பகுதியின் உயிர்நாடியையே காட்டும். மண்ணை மேட்டுப் பாத்திகளாக உயர்த்தி, நடுநடுவே நீர் ஓட விட்டு, தென்னை, பம்பளிமாஸ், ஜம்பு நாவல் வளர்க்கிறார்கள். வீடுகளின் வாசற்படியே தண்ணீரில்தான் முடியும். தோட்டத்துக்கு மோட்டார், சந்தைக்குள் துடுப்பு என்று இரண்டையும் பிரித்துப் பேசிக்கொள்வதே சிறந்த ஏற்பாடு.

படகின் விளிம்பைப் பிடிப்பது

துடுப்புப் படகின் இருக்கை தரைமட்டம். துறையிலிருந்து ஒரு அடி, சில சமயம் அதற்கும் மேல் இறங்க வேண்டும். ஒருவர் ஒருவராக, படகின் நடுவில் கால் வைத்து, உடனே உட்கார வேண்டும். கனமானவர்கள் நடுவில். சேலை கட்டியிருந்தால் சிரமம்தான், சுடிதார் அல்லது பேன்ட் நல்லது.

ஏறி உட்கார்ந்ததும் எல்லோர் கையும் தானாகவே படகின் விளிம்பைப் பிடிக்கும். அதைச் செய்யாதீர்கள். நெரிசலில் பக்கத்துப் படகு வந்து உரசும்போது இரண்டு மரவிளிம்புகளுக்கு நடுவே விரல் மாட்டும். கைகள் மடியில், குழந்தைகளின் கைகளை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கரைக் கடைக்காரர்கள் கொக்கி போட்ட கழியால் உங்கள் படகைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை; வாங்க விருப்பமில்லை என்றால் சிரித்துத் தலையாட்டினால் விட்டுவிடுவார்கள். பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சாப்பாட்டுக்குப் பேரம் வேண்டாம். பொம்மை, துணிக்குப் பாதியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

படகுக்காரர்களிடம் கார்டு செல்லாது. 20, 50, 100 பாட் தாள்கள் வேண்டும். 1,000 பாட் தாளை முந்தின நாளே ஏதாவது கடையில் மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டில் "வெஜ்" என்று மட்டும் சொல்வது

காய்கறிப் பொரியலில் சிப்பி சாஸ் இருக்கும், பப்பாளிச் சாலட்டில் உலர்ந்த இறாலும் மீன் சாஸும் இருக்கும், கறிக் குழம்பு மசாலாவில் இறால் விழுது அரைத்திருக்கும். "வெஜிடபிள்" என்று சொன்னால் இறைச்சித் துண்டு இல்லாமல் கொடுப்பார்கள், அவ்வளவுதான். "ஜே" என்று சொல்லுங்கள். அது பௌத்த விரத உணவு. மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ஜே கடை. "மாய் ஸை நாம் ப்லா" என்றால் மீன் சாஸ் போடாதீர்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: படகு நூடுல்ஸின் கருஞ்சாற்றுக்குக் கெட்டித்தன்மை தருவது பன்றி அல்லது மாட்டின் ரத்தம்.

தயங்காமல் சாப்பிடக்கூடியவை மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும், இளநீர், தேங்காய் ஐஸ்கிரீம். பிறகு கனோம் க்ரோக்: அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் குழிக்கல்லில் ஊற்றிச் சுடுவது, பார்த்ததும் நம் குழிப்பணியாரம் என்று தோன்றும். மேலே வெங்காயத்தாள் தூவுவார்கள். வேறு ஏதாவது தூவியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவாங்கோடு படம் எடுப்பது

கரையோரம் ஸ்லோ லோரிஸ் என்ற வகைத் தேவாங்கையோ மலைப்பாம்பையோ தோளில் வைத்துப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். தயவுசெய்து போகாதீர்கள். தேவாங்கு இரவில் நடமாடும் விலங்கு. பகல் வெளிச்சம் அதன் கண்களை வதைக்கும். கடியில் விஷம் உண்டு என்பதால் இப்படிக் காட்சிக்கு வைக்கப்படும் தேவாங்குகளின் பற்களை வெட்டிவிடுவது வழக்கம். தமிழ்நாட்டில் 2022இல் கடவூரில் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்தோம். அதன் உறவுக்கார விலங்கை அங்கே 100 பாட்டுக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

டிரைவரையே கைடு என்று நம்புவது

தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. கைடு உரிம அட்டையை அணிந்திருக்க வேண்டும், நிறுவனத்துக்கும் உரிம எண் உண்டு. "தமிழ் கைடு கூடவே வருவார்" என்று சென்னையில் விற்கும் பேக்கேஜ்களில், அந்தத் தமிழ்க்காரரோடு உரிமம் பெற்ற தாய் கைடும் வருகிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வழியில் சோதனை வந்தால் உங்கள் நாள் அங்கேயே நின்றுவிடும். "பிரைவேட் டூர்" என்று போட்டிருப்பது பல சமயம் வண்டியும் டிரைவரும் மட்டும்தான். அது தவறில்லை, விலையும் குறைவு. ஆனால் அவர் ரயில் நேரம் விசாரிக்கவோ படகுக்குப் பேரம் பேசவோ கடமைப்பட்டவர் அல்ல.

நகைக்கடை, தோல்கடை, யானைச் சவாரி என்று வழியில் நிறுத்துவார்கள். "ஷாப்பிங் நிறுத்தம் வேண்டாம்" என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். தென்னைச் சர்க்கரை காய்ச்சும் இடம் மட்டும் விதிவிலக்கு. பாளையிலிருந்து இறக்கிய பதநீரை விறகடுப்பில் சுண்டக் காய்ச்சுவதைப் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். ஏதாவது தகராறு பெரிதானால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155.

அம்பாவாவில் இருட்டும்வரை தங்குவதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

வாரக் கடைசி என்றால், மேக்லாங்குக்குப் பிறகு சாப்பிட்டுவிட்டு, ஆலமர வேர்கள் முழுக்கச் சூழ்ந்த வாட் பாங் குங் கோயிலுக்குப் போய் (தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்), மூன்றரைக்கு அம்பாவா வரலாம். மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கப் போகும் படகு இருட்டிய பிறகுதான், ஆறரை ஏழுக்கு மேல். மழைக்காலத்து நிலவில்லா இரவுகளில் நன்றாகத் தெரியும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பூச்சிகள் உட்காரும் லாம்பு மரங்கள் வீடுகளை ஒட்டியே நிற்கின்றன. படகுச் சத்தம் தாங்காமல் அந்த மரங்களை வெட்டியவர்களும் உண்டு. மோட்டாரை அணைத்துவிட்டு நிற்கும் படகாகக் கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள்.

வேன் ஒப்பந்தம் பெரும்பாலும் 8 அல்லது 10 மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பி மின்மினி பார்த்துவிட்டுத் திரும்பினால் இரவு ஒன்பதரை ஆகிவிடும். பதினைந்து மணி நேரத்துக்கு மேல். கூடுதல் மணிக்கு எவ்வளவு, பெட்ரோல், டோல், பார்க்கிங் யார் கணக்கு, மதிய உணவு டிரைவருக்கும் சேர்த்தா என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். அதே டிரைவர் விடிகாலையிலிருந்து ஓட்டுகிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மின்மினிதான் முக்கியம் என்றால், தாம்னேன் சடுவாக்கை விட்டுவிட்டுக் காலை பதினொன்றுக்குக் கிளம்பி 2.30 ரயிலையும் அம்பாவாவையும் மட்டும் பார்ப்பது உங்களுக்கும் அவருக்கும் நல்லது.